அரை கிளட்சில் மாசி வீதி

மதுரை மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி இருக்கும் மாசி வீதிக்குள் வந்ததும் கார் பழகுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே தப்பைச் செய்வார்கள். யாராவது குறுக்கே வந்தால் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து நின்றுவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் அங்கே அது குழப்பத்தில்தான் முடியும்.

மதுரையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பல வருடமாக என் பிழைப்பு. போன மாதம் ஒரு வங்கி ஊழியர் பழக வந்தார். தெற்கு மாசி வீதியில், இரண்டு கையிலும் ஜவுளிக்கடைப் பைகளோடு ஒரு அம்மா குறுக்கே இறங்கினார். இவர் வண்டியை நிறுத்தினார். அந்த அம்மாவும் நின்றுவிட்டார். இவர் உள்ளிருந்து ‘போங்க’ என்று கை காட்டினார். கண்ணாடியில் வெயில் அடித்ததால் அது வெளியே தெரியவில்லை. இவர் கிளட்சை விட, அவர் காலை எடுத்து வைக்க, மறுபடியும் இரண்டு பேரும் நிற்க, பின்னால் வந்த லோடு ஆட்டோ ஹாரனை விடாமல் அலறவிட்டது.

“நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?”

“தப்பு இல்லம்மா. நீங்க நின்னுட்டா திரும்ப எப்பக் கிளம்புவீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. அரை கிளட்ச்ல, அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டு, மெதுவா உருட்டிக்கிட்டே வாங்க. அவங்களே கணக்குப் போட்டுக்குவாங்க.”

அந்தக் கணக்கைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த வீதிகளில் நடந்து பழகியவர்கள் முதலில் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, முன் சக்கரத்தைத்தான் பார்க்கிறார்கள். சக்கரம் உருளும் வேகத்தை வைத்தே ‘நான் தாண்டிவிடலாம்’ என்று முடிவு செய்கிறார்கள். அப்புறம் கை. விரல்களைச் சேர்த்து, இடுப்பு உயரத்தில், உள்ளங்கையைத் தரையைப் பார்த்து லேசாக அமுக்குவார்கள். ‘கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம். கையை நீட்டிவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பைக்காரர் நடப்பவர் முன்னால் நுழைய மாட்டார், முதுகுப் பக்கமாக வளைத்துப் போவார். ஹாரனிலும் சின்னதாக ஒரு ‘பீப்’ என்றால் ‘வர்றேன்’, நீளமாக அடித்தால் திட்டு. இதில் ஆபத்தான ஆள், பாதி வீதி தாண்டியபின் பயந்து திரும்பி ஓடுகிறவர்தான். அவரை முதுகுப் பக்கமாக வளைத்தவன் கதி அதோகதி.

என்னிடம் பழகிய இன்னொருவர் கட்டடக் கலை சொல்லித்தரும் ஆசிரியர். நான் இதையெல்லாம் சொன்னபோது சிரித்துவிட்டு, ஹன்ஸ் மாண்டர்மன் என்ற நெதர்லாந்துப் பொறியாளரைப் பற்றிச் சொன்னார். டிராக்டன் என்ற ஊரில் ஒரு பெரிய சந்திப்பில் சிக்னலைக் கழற்றிவிட்டு, நடப்பவர், சைக்கிள், கார் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் போகும்படி மாற்றி அமைத்தாராம். யாராவது பார்க்க வந்தால், பேசிக்கொண்டே பின்பக்கமாக அந்தப் போக்குவரத்துக்குள் நடந்து காட்டுவாராம். “நம்ம விளக்குத்தூண்ல இதை எல்லாரும் தினமும் பண்றாங்களே சார்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அப்புறம் தோன்றியது. அங்கே யோசித்து, தளத்தை மாற்றி, வேகத்தைக் குறைத்து, பிறகு கலக்கவிட்டார்கள். இங்கே நடைபாதையில் கடைச் சரக்கும் பைக்கும் நிற்பதால் ஜனம் வீதியில் இறங்கி நடக்கிறது. வீதியை யாரும் யாரோடும் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கவில்லை, வேறு வழியில்லை, அவ்வளவுதான். ஏதோ ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் நெரிசல். மணிக்கு 12 கிலோமீட்டரில் உருளும் கார் ஒரு விநாடிக்கு 3 மீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் போகும். அதே ஆள் காளவாசல் பைபாஸில் 60-ல் போனால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். அங்கே போய் இந்தக் கையை நீட்டினால் காலன்தான் வருவான். சித்திரைத் தேர் வருவதும் இதே மாசி வீதிகளில்தான். முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் அதற்கு பிரேக். அத்தனை கூட்டத்துக்குள் அவ்வளவு பெரிய தேர் வர முடிகிறதென்றால், அது அசைந்து அசைந்து வருவதால்தான்.

ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் நானே ஒரு நாள் தப்பு செய்தேன். பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிய புதிது. சாயங்காலம் டவுன் ஹால் ரோட்டில், வெள்ளைக் கம்போடு ஒரு பெரியவர் இறங்கினார். வலப்பக்கம் ஆட்டோ சத்தம் வந்த திசைக்கு உள்ளங்கையைக் காட்டினார். ஆட்டோ தயங்கியது. நான் வழக்கம்போல அவர் முதுகுப் பக்கமாக வளைத்தேன். பின்னால் என்ன இருக்கிறது என்று தேட அந்த நேரம் பார்த்து அவர் கம்பைத் திருப்பினார். என் ஹேண்டில்பாரில் தட்டிக் கம்பு தெறித்து விழுந்தது. அடி ஒன்றும் இல்லை. எடுத்துக் கையில் கொடுத்தேன். கம்பை வாங்கிக்கொண்டு, சத்தம் எங்கே என்று தேடுவது போல முகத்தைத் திருப்பிக் கேட்டார்:

“வண்டியா தம்பி? சத்தமே இல்லையே?”

ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். லண்டனில் எக்ஸிபிஷன் ரோட்டை நடைபாதை ஓரத்துப் படிக்கல் இல்லாமல், வீதியும் நடைபாதையும் ஒரே தளமாக மாற்றியபோது பார்வையற்றோர் அமைப்புகள் இதே பயத்தைத்தான் சொன்னார்களாம். கண்ணும் கண்ணும் பார்த்துப் பேசிக்கொள்ளும் வீதி என்றால் கண் இல்லாதவர் எதை வைத்துப் பேசுவார்? படிக்கல் இருந்தாலாவது கம்பு கண்டுபிடித்துக்கொள்ளும். 2018-ல் பிரிட்டன் அரசே அப்படி ஒரே தளமாக்கும் புதிய வேலைகளைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொன்னதாம்.

இப்போது மாசி வீதிப் பாடத்தின்போது ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கச் சொல்கிறேன். தூசி, வெக்கை என்று எல்லோரும் முனகுகிறார்கள். இறக்கினால்தான் உள்ளே இருப்பவர் கையும் குரலும் வெளியே போகும், வெளியே இருப்பவர் சத்தமும் உள்ளே வரும். ஸ்கூட்டரில் போகும்போது முதுகுப் பக்கம் வளைக்கும் முன் நானே குரல் கொடுத்துவிடுகிறேன். டவுன் ஹால் ரோட்டில் “வர்றேன், வர்றேன்” என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒரு ஆள் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பார்த்தால் கிறுக்கன் என்று நினைத்துவிடாதீர்கள். நான்தான்.