மலைக்கோட்டை, ஒயரோடு சேர்த்து

அடுத்த மாதம் திருச்சியை விட்டு ஓசூருக்குக் குடிபோகிறோம். வேலை அங்கே, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேயே பார்த்தாயிற்று. போவதற்குள் மலைக்கோட்டையை ஆசை தீரப் படம் பிடித்துவிட வேண்டும் என்று பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்தேன். இத்தனை வருடம் தினமும் பார்த்தும் என்னிடம் உருப்படியாக ஒரு படம் கிடையாது. உள்ளூர்க்காரர் யாரிடம்தான் இருக்கும்?

யாரைக் கேட்டாலும் காவிரிப் பாலத்தில் நின்று எடு என்பார்கள். எடுத்தேன், நன்றாகத்தான் வந்தது, ஆனால் காலண்டரில் பார்த்த படம் மாதிரியே இருக்கிறது. என் கட்சி தெப்பக்குளம். அதன் மேற்குப் பக்கம் நின்றால் மலை கிழக்கே இருக்கும், அதனால் காலையில் போனால் பாறை வெறும் கறுப்பாகத்தான் விழும். சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு போக வேண்டும். அப்போது வெளிச்சம் நேராகப் பாறையின் முகத்தில் அடிக்கும். மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து விழுந்த கறுப்புக் கோடுகள், நடுநடுவே தேன் நிறம், உச்சியில் பிள்ளையார் கோயில் சுவர் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். குறுக்கே ஒயர் போகும், ஜவுளிக்கடை போர்டு பாதியை மறைக்கும். நண்பர் ஒருவர் அதையெல்லாம் ஒரே தட்டில் அழித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். சின்னக்கடைத் தெருவில் காய்கறிப் பையோடு நிமிர்ந்து பார்க்கும்போது எனக்குத் தெரிந்த மலை அந்த ஒயருக்குப் பின்னால்தானே இருந்தது.

அப்புறம் மேலே ஏறியும் எடுத்தேன். மே மாதம், வெறுங்கால், கடைசிப் படிகளில் கூரை கிடையாது, ஆகவே விடிந்ததும் போய்விடுவது உத்தமம். உச்சிக்குப் போகும் வழியில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறதே, பலர் மூச்சு வாங்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டு வேலை. கங்கையைச் சடையில் வாங்கிக்கொள்ளும் சிவன், சுவர் முழுக்க. அங்கே தூணில் ஒரு கல்வெட்டு: ஆறுகள் மேல் பிரியம் உள்ள சிவன் காவிரியைப் பார்த்து மயங்கிவிடுவாரோ என்று பயந்து, பார்வதி பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே வந்து தங்கிவிட்டாளாம். ராஜாவுக்குக் குறும்பு அதிகம்.

உச்சியில் நின்று அந்தக் காவிரியை எடுத்தால் இப்போது பாதிக்கு மேல் மணல்தான். அதைத் தாண்டி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 236 அடி, 1987இல் கட்டி முடித்தது, என் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் புதுக் கோபுரம்தான். நாம் நிற்கும் பாறை 273 அடி என்பதால் கோபுரம் கொஞ்சம் அடக்கமாகவே தெரிகிறது. மேலிருந்து எடுத்த படங்கள் அழகு, சந்தேகமில்லை, ஆனால் எதிலும் மலைக்கோட்டை இல்லை!

எனக்குப் பிடித்த படம் இந்த முறை எடுத்ததே இல்லை. போன வருடப் பிள்ளையார் சதுர்த்தியில் செல்போனில் எடுத்தது. பெரிய கொழுக்கட்டையைத் துணியில் தூளி கட்டிப் படியேற்றுவார்களே, அது. ஒருவர் தோளில் மூங்கில் அழுந்தியிருக்கிறது, பின்னால் வருகிறவர் வாயைத் திறந்து ஏதோ கத்துகிறார், துணியில் ஆவி ஏறி ஈரம் படர்ந்திருக்கிறது. கொஞ்சம் ஆடிய படம்தான். பரவாயில்லை, அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.

பாக்கி இருப்பது கார்த்திகை தீபம். உச்சியில் கொப்பரையில் ஏற்றும்போது நான் ஓசூரில் இருப்பேன். மெயின்கார்டு கேட் பக்கம் மொட்டைமாடி உள்ளவர்கள் யாராவது எடுத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். தயவுசெய்து ட்ரைபாட் வைத்து எடுங்கள். கையில் பிடித்து ஜூம் பண்ணினால் மஞ்சளாக ஒரு புள்ளிதான் வரும், அது என்னிடமே நிறைய இருக்கிறது.