கண்டங்களை இழுப்பது எது, தடுப்பது எது

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வேகனர் சொன்னபோது மறுத்தவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் அல்லர். புவிச்சுழற்சியும் நிலவு, சூரியனின் ஈர்ப்பும் கண்டங்களைத் தள்ளுகின்றன என்ற அவருடைய விளக்கத்துக்கு அந்த விசைகள் சிறிதும் போதா என்று பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் வாதிட்டார். அந்த அளவில் அவர் சொன்னது சரியே. உண்மையில் கண்டம் கடலடிப் பாறையை உழுதுகொண்டு போவதில்லை. கண்டமும் அதை ஒட்டிய கடல் தரையும் சேர்ந்த, ஏறத்தாழ 100 கி.மீ. தடிமனுள்ள தட்டு நகர்கிறது; கண்டம் அதில் வெறும் பயணி.

அந்தத் தட்டை நகர்த்துவது எது என்று கேட்டால், மேலோட்டுக்குக் கீழுள்ள தடித்த பாறை அடுக்கான மூடகத்தின் வெப்பச்சலனம், அதாவது சூடானது எழுந்து குளிர்ந்தது இறங்கும் ஓட்டம், அடியிலிருந்து சுமந்து செல்கிறது என்று பள்ளிப் பாடம் பதில் சொல்லும். எனக்கு அது பாதி விடையாகவே படுகிறது. தட்டுகள் விலகும் இடத்தில் கடலடியில் நீளும் நடுக்கடல் மலைத்தொடரில் பிறக்கும் தட்டு, அங்கிருந்து விலக விலகக் குளிர்ந்து, தடித்து, கடைசியில் தனக்குக் கீழுள்ள மூடகத்தைவிட அடர்த்தி மிகுந்து, ஆழ்கடல் பள்ளங்களான அகழிகளில் அமிழ்கிறது. அமிழும் விளிம்பு தன் எடையாலேயே மீதித் தட்டையும் இழுக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் நீண்ட அகழிகளில் அமிழும் பசிபிக் தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 செ.மீ. வரை நகர்வதும், அமிழும் விளிம்பு பெரிதாக இல்லாத ஆப்பிரிக்கத் தட்டு 2 செ.மீ. அளவில் ஊர்வதும் இதனால்தான். மலைத்தொடரின் உயரத்திலிருந்து தட்டு சரிவதால் எழும் தள்ளுவிசையும் உண்டு, ஆனால் அது சிறியது.

தடைகளும் இதே கணக்கில் அடங்கும். கண்டப் பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம், மூடகத்தினுடையது 3.3. ஆகவே கண்டம் அகழியை அடைந்தாலும் எளிதில் அமிழாது. ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேலான வேகத்தில் வடக்கு நோக்கி வந்த இந்தியா, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியபின் ஏறத்தாழ 5 செ.மீ.க்குத் தளர்ந்தது, இமயமலை எழுந்தது. தவிர, திண்மமாக இருந்துகொண்டே மிக மெல்ல நெகிழும் மூடகத்தை விலக்கித்தான் தட்டு அமிழ வேண்டும்.

பலரும் கவனிக்காத தடை, பூமி உருண்டை என்பது. ஒரு தட்டு நகர்ந்தால் அண்டைத் தட்டுகள் இடம் கொடுத்தாக வேண்டும். அண்டார்க்டிக் தட்டைச் சுற்றிப் பெரும்பாலும் மலைத்தொடர்களே இருப்பதால் அது எல்லாப் பக்கமும் வளர்கிறது. வளர்வதற்கு அந்த மலைத்தொடர்களும் வெளிநோக்கி நகர வேண்டியிருக்கிறது. அவற்றின் அடியில் மேலெழும் மூடகம் ஓரிடத்தில் நிலைத்த ஊற்று அன்று. தட்டுகள் விலகும் இடமெல்லாம் அது பின்தொடர்ந்து நிரப்புகிறது.