மழைக்காலத்து அளவுகள்

அக்டோபர் 17

ஐப்பசி மழை இந்த முறை முந்திக்கொண்டது. மழைக்காப்பு ஒட்டிய ரப்பர் மரங்களில் மட்டுமே பால் வெட்டு நடக்கிறது. பையனைப் பார்க்கத் திருவனந்தபுரத்து மையத்திலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை.

அக்டோபர் 19

குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் அந்த அட்டவணையை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டேன். திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் முதலில் இரண்டு வயது வரைக்குமாக 17 செயல்களை வைத்து உருவாக்கினார்கள்; பிறகு ஆறு வயது வரை நீட்டினார்கள். ஒவ்வொரு செயலுக்கும், அது குழந்தைகளுக்குக் கைவரும் வயது வரம்பைக் காட்டும் ஒரு கிடைக்கோடு உண்டு. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கத்திலேயே முடிந்துவிட்ட கோடுகளுக்குரிய செயல்களைக் குழந்தை செய்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் முறை.

பென்சிலை இரண்டு மாதம் இடப்பக்கம் தள்ளி வைத்தால் பையனுக்கு ஒரு குறையும் இல்லை என்று மாமியார் சொல்கிறார். குறைமாதத்தில் பிறந்தவன்தானே என்பது அவருடைய வாதம். அவன் பத்து நாள் முன்னதாகப் பிறந்தான். அந்தப் பத்து நாள் அவர் வாயில் மாதக்கணக்காக வளர்ந்துகொண்டு போகிறது. அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பேரன் மேல் உள்ள ஆசையில் பென்சில் நகர்கிறது. அவர் தூங்கப் போன பிறகு நானும் பென்சிலை நகர்த்தி வைத்து என்ன தெரிகிறது என்று பார்த்தேன். பிறகு உரிய மாதத்திலேயே கொண்டுவந்து வைத்தேன்.

இரண்டரை வயது. தனிச் சொற்கள் உண்டு. இரண்டு சொற்களைச் சேர்த்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 21

முதலாளி இன்று ஆய்வு மேசைக்கே வந்து நின்றார். பத்து கிராம் பாலை நிறுத்து எடுத்து, தண்ணீர் கலந்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, 70 டிகிரி ஓவனில் காயவைத்து எடுத்தால் 3.4 கிராம் நின்றது, ஆகவே டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் விழுக்காடு) 34 என்று எழுதியிருந்தேன். அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "மழை நேரம்லா, 32-ன்னு போடு மக்களே, ஒருத்தரும் கேக்க மாட்டாவ" என்றார்.

வெட்டி எடுத்த பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர்; அந்த ஒரு பங்குக்குத்தான் விலை. ஐம்பது கிலோ பால் கொண்டுவருபவருக்கு 34 என்றால் 17 கிலோவுக்குப் பணம் கிடைக்கும், 32 என்றால் 16 கிலோவுக்குக் கிடைக்கும். மழைக்காலத்தில் டி.ஆர்.சி. இறங்கும் என்பது உண்மை என்பதால்தான் அவருடைய பேச்சு நியாயம்போல் ஒலிக்கிறது. ஆனால் மழையால் குறைந்திருந்தால் அந்தக் குறைவு தராசிலேயே தெரிந்துவிடுமே, நான் தனியாக ஒருமுறை குறைக்க வேண்டிய தேவை என்ன என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் போனார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் 22

அழைப்பு வரவில்லை.

அக்டோபர் 25

அண்ணன் மகள் ரெக்கார்டு நோட்டுடன் வந்தாள். பதினொன்றாம் வகுப்பு, தனி ஊசல் பரிசோதனை. நீளம் 100 சென்டிமீட்டர். இருபது அலைவுக்கு அவளுக்குக் கிடைத்தது 40.5 விநாடி, கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.63 வருகிறது. புத்தகத்தில் இருப்பது 9.8. வகுப்பில் ஒரு தாள் சுற்றுகிறதாம், 9.8-இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்த விநாடிகள் அதில் வரிசையாக இருக்கின்றனவாம். சொல்லிக்கொடுக்கிறவரே, "விடை சரியாக வரும்படி எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். "எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் அத்தை, நான் மட்டும் ஏன் மதிப்பெண்ணை விட வேண்டும்" என்று கேட்கிறாள். கேள்வி நியாயமானதுதான், அதற்கு உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ராஜ்கோட் பள்ளியில் ஆய்வாளர் ஜைல்ஸ் எழுதச் சொன்ன 'கெட்டில்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சிறுவன் காந்தி தவறாக எழுதியதும், பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்து எழுதும்படி ஆசிரியர் காலால் சாடை காட்டியதும், அந்தச் சாடை காந்திக்கு விளங்காமலே போனதும் நினைவுக்கு வந்தன. பார்த்து எழுதாமல் காவல் செய்வதற்காகத்தான் ஆசிரியர் நிற்கிறார் என்று அந்தப் பையன் நினைத்திருக்கிறான். இவளுக்கோ சாடை நன்றாக விளங்கிவிட்டது. இந்த இருவரில் இவள் நிலைதான் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊசலை நூலில் கட்டி, வீட்டு வாசல் நிலையில் தொங்கவிட்டு மறுபடி அளந்தோம். அவள் நூலை மட்டும் அளந்திருக்கிறாள்; கொக்கியையும் குண்டின் ஆரத்தையும் சேர்க்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் இன்னும் இரண்டு சென்டிமீட்டர். 102 என்று வைத்து, அவள் எடுத்த அதே 40.5 விநாடியைக் கொண்டு கணக்கிட்டால் 9.82 வருகிறது. ஒரு விநாடியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. (நம் அட்சரேகையில் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 9.78 என்பதையும் சொன்னேன். அதை எழுதினால் மதிப்பெண் குறையுமா என்று கேட்டாள்.)

அக்டோபர் 28

டி.ஆர்.சி. 35, 34, 33, 36. நான் எழுதியது அப்படியே இருக்கிறது. அவர் வரவில்லை.

அக்டோபர் 30

தூக்கம் வராமல் பி.எட். படித்த காலத்துக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இருவர் 1920களில் அமெரிக்கப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு, ஏமாற்ற இடமுள்ள தேர்வுகளையும் விளையாட்டுகளையும் வீட்டுப்பாடங்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளை நேர்மையானவர்கள், நேர்மையற்றவர்கள் என்று இரண்டு கூடையில் போட முடியவில்லை. கணக்குத் தேர்வில் விடையைத் திருத்தியவன் விளையாட்டில் ஒழுங்காக இருந்தான். விளையாட்டில் ஏமாற்றியவள் பணத்தில் கை வைக்கவில்லை. இடம் மாறினால் நடத்தையும் மாறியது. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தபோது பிள்ளைகளைப் பற்றிய செய்தியாகவே படித்தேன்.

நடக்கக் கற்ற குழந்தை எந்த வீட்டிலும் நடக்கும். ஆகவே நடைக்கு அட்டவணையில் ஒரு கோடு போட முடிகிறது. முப்பத்து நான்கு வயதில் எனக்கு எந்தக் கோடு முடிந்திருக்க வேண்டும்? பள்ளியில் பார்த்து எழுதாதவள் என்பது ஓவன் முன்னால் நிற்கும்போது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அந்த எண்ணைப் புதிதாகத்தான் எழுத வேண்டியிருந்தது.

நவம்பர் 2

பேசினான்!

பண்டிகைக்குச் செய்த முந்திரிக்கொத்தில் இரண்டு மிச்சம் இருந்தது. மூடி வைத்திருந்த பாத்திரம் காலி. அவன் கன்னமெல்லாம் மாவு. யார் தின்றது என்று மாமியார் கேட்டார். சட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, திண்ணையில் படுத்திருந்த பூனையை விரலால் காட்டி, தெளிவாக, "பூச்ச தின்னு" என்றான்.

இரண்டு சொற்கள். எழுவாயும் பயனிலையும். நான் அவனைத் தூக்கிக்கொண்டு அழுததைப் பார்த்து மாமியார் திகைத்துப்போனார். "களவும் பண்ணிட்டுப் பொய்யும் சொல்லுதான், நீ கொஞ்சுதியா?" என்று கேட்டார்.

நவம்பர் 3

நேற்றைய மகிழ்ச்சி இன்று கொஞ்சம் தெளிந்திருக்கிறது. உளவியலாளர் மைக்கேல் லூயிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1989-இல் மூன்று வயதுக் குழந்தைகளை ஒரு பொம்மைக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். தனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்று உணர்ந்தால்தான் பொய் சொல்ல முடியும். வாயில் வரவிருக்கும் உண்மையை அடக்கவும் ஒரு திறன் வேண்டும். என் பையனுக்கு இரண்டும் முளைத்திருக்கின்றன. வாயைத் துடைத்தது எனக்கு அந்த வாக்கியத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மாமியாரிடம் இதைச் சொன்னேன். அவன் பொய் சொல்லாமல் பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். அதற்கும் மறுப்பில்லை. ஆனால் அவனை அடிக்கக் கூடாது, பூனையைக் குற்றவாளியாக்கி நாம் சிரிக்கவும் கூடாது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். "நீ தின்னது எனக்குத் தெரியும் மக்களே, இன்னொண்ணு வேணும்னா கேளு" என்று சொல்லிக் கொடுக்கலாம். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த வீட்டில் பூனைக்கு வேலை குறையும் என்பது என் கணிப்பு.

நவம்பர் 6

திருவனந்தபுரத்திலிருந்து அழைத்தார்கள். 12-ஆம் தேதி.

நவம்பர் 8

பன்னிரண்டு கிலோ பால் கொண்டுவரும் பாட்டா இன்று மெட்ரோலாக் என்னும் மிதவை அளவுக் கருவி பாலில் மிதப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அது மிதக்கும் அளவை அவரே பார்க்கலாம். ஓவனில் காய்வதை அவர் பார்ப்பதில்லை. மறுநாள் நான் சொல்வதுதான் அவருக்கு எண். ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவருபவர்களும் உண்டு, ஓவன் அவர்களையும் காட்டிக்கொடுத்துவிடும். அவர்கள்தான் என்னிடம் அதிகமாகச் சண்டை போடுகிறவர்கள்.

முதலாளி மாலையில் வந்து, "ரெண்டு எண்ணு தானே" என்றார். குழந்தை உளவியலாளர் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதை உண்டு. ஒரு பையன் கதவைத் திறந்தபோது, பின்னால் இருப்பது தெரியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் திருடப்போய் ஒன்றை உடைக்கிறான். சிறு குழந்தைகள் பதினைந்து உடைத்தவனையே அதிகக் குற்றவாளி என்பார்கள். வளர்ந்த பிறகுதான் எதற்காகக் கை நீட்டினான் என்று பார்ப்பார்கள். அறுபது வயதுக்காரர் உடைந்த கோப்பையின் எண்ணிக்கையைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார். இதை அவரிடம் சொல்லவில்லை. "எனக்கு வராது" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 12

மார்த்தாண்டம் வழியாகப் பேருந்து, களியக்காவிளையில் நெரிசல், மையத்தில் நீண்ட வரிசை. பயிற்சியாளர் ஒவ்வொரு செயலாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்று கனசதுரங்களை அடுக்குகிறானா? அடுக்குகிறான். படத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறானா? சிலவற்றுக்குச் சொல்கிறான். இரண்டு சொற்களைச் சேர்க்கிறானா என்று கேட்டபோது, பக்கத்தில் இருந்த மாமியார் நான் வாய் திறப்பதற்குள், "நல்லா பேசுவான்" என்றார். நான், ஒரே ஒருமுறை, இந்த மாதம் 2-ஆம் தேதி என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதன் பிறகு, ஒருமுறை வந்ததைத் தேர்ச்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, வேறு வேறு சொற்கள் சேர்ந்து பலமுறை வர வேண்டும் என்றார். முதலில் காது கேட்கும் திறனைப் பார்க்க வேண்டும். 20-ஆம் தேதி வரச் சொன்னார்.

திரும்பி வரும் வழி முழுவதும் மாமியார் என்னோடு பேசவில்லை. பாறசாலை தாண்டிய பிறகு, "நீ சொன்னதுனால பிள்ளைக்கு நோய்னு எழுதிப்புட்டாவ" என்றார். எழுதப்பட்டது நோய் இல்லை, பார்க்க வேண்டியது என்று விளக்கினேன். நான் ஆம் என்று சொல்லியிருந்தால் அந்தக் காது பரிசோதனையே நடந்திருக்காது என்பது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கே அது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 13

கொட்டும் மழை. வெட்டு இல்லை.

நவம்பர் 17

அண்ணன் மகளின் நோட்டு திரும்பி வந்திருக்கிறது. 100 என்பதை ஒரு கோட்டால் அடித்து 102 என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதியிருந்தாள். அடித்தல் திருத்தலுக்காக ஒரு மதிப்பெண் குறைந்திருக்கிறது. சுற்றிய தாளைப் பார்த்து எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். அவள் அழவில்லை, ஆனால் அடுத்த பரிசோதனையை என்னிடம் காட்டுவாளா என்று சந்தேகமாக இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்ததற்கு அந்த ஒரு மதிப்பெண்ணை அவள்தான் கொடுத்திருக்கிறாள். இது என்னை உறுத்துகிறது.

நவம்பர் 20

மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, ஒலியைக் கொடுத்து நரம்பின் அலைகளைத் திரையில் பார்த்தார்கள். இரண்டு காதுகளும் நன்றாகக் கேட்கின்றன. இனி பேச்சுப் பயிற்சி. மாமியார் வழியில் இறங்கி எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 23

"அம்மா வா." "பால் வேண்டாம்." "பூச்ச போச்சு." தேதியுடன் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிறேன். கடைசியாகச் சொன்னது உண்மை. பூனை உண்மையாகவே போய்விட்டது.

நவம்பர் 25

முதலாளியின் தங்கை மகன் நாளை முதல் ஆய்வு மேசையைப் பார்த்துக்கொள்வானாம். எனக்குக் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் குறையாது என்றார். பையன் நல்லவன்தான், ஓவனை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று என்னிடமே வந்து கேட்டான், சொல்லிக் கொடுத்தேன். பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வழக்கம்போல நான் போட வேண்டும் என்கிறார், ஏனென்றால் வெட்டுக்காரர்களுக்கு என் கையெழுத்துதான் பழக்கம். நான் எடை போடாத தகட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். யோசித்துவிட்டு நாளை காலையில் வந்து சொல் என்றார்.

நவம்பர் 26

பத்து மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார். பையனுக்கு இட்லி ஊட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.