வழக்கம் இல்லை என்றது கோர்ட்

வக்கீல் தொழிலில் பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்த்தால்தான் அமெரிக்கப் பெண் வக்கீல் பெல்வா லாக்வுட்டின் போராட்டம் விளங்கும்.

1873இல் வாஷிங்டனில் தொழில் தொடங்கினார். உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்ததால் முன்னாள் சிப்பாய்கள், விதவைகளின் பென்ஷன் மனுக்கள் குவிந்தன. மனு ஒன்றுக்குக் கட்டணம் பெரும்பாலும் 10 டாலர்தான். நல்ல வரும்படி அரசிடம் பணம் கேட்டுத் தொடுக்கும் வழக்குகளில் இருந்தது. அவற்றுக்குத் தனி நீதிமன்றம். அப்பீல் உச்ச நீதிமன்றத்தில். தனி நீதிமன்றம் 1874இல் அவரை மறுத்தது. பெண், அதுவும் மணமானவர். கணவன் சம்மதமின்றி ஒப்பந்தம் செய்ய முடியாதவர் கட்சிக்காரருக்கு எப்படிப் பொறுப்பேற்பார் என்பது வாதம். 1876இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது: அப்படி வழக்கமில்லை, சட்டம் வந்தால் பார்க்கலாம். வழக்கைத் தயார் செய்வது ஒருவர், நின்று பேசுவது இன்னொருவர் என்றால் கட்சிக்காரர் ஏன் தேடி வரப்போகிறார்?

சட்டத்தையே கொண்டுவரச் செய்தார். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 169, எதிர்ப்பு 87; செனட்டில் ஆதரவு 39, எதிர்ப்பு 20. 1879 பிப்ரவரியில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். அதில் சலுகை எதுவும் கிடையாது. ஒரு மாநிலத்தின் அல்லது வாஷிங்டனின் உயர் நீதிமன்றத்தில் 3 ஆண்டு பதிவு, அங்கே நற்பெயர், நன்னடத்தை. இவை இருந்தால் பெண்ணைச் சேர்த்தே ஆக வேண்டும். 'சேர்க்கலாம்' என்று எழுதியிருந்தால் முடிவு மறுபடி நீதிபதிகள் கைக்கே போயிருக்கும். மார்ச் 3இல் உறுதிமொழி எடுத்தார். மறு வருஷமே, தெற்கிலிருந்து வந்த சாமுவேல் லோவரி என்ற கறுப்பின வக்கீலைச் சேர்த்துக்கொள்ளும்படி அதே கோர்ட்டில் அவரே முன்மொழிந்தார்.

ஓட்டுரிமை இல்லாதவர் 1884இலும் 1888இலும் ஜனாதிபதித் தேர்தலில் நின்றதும் சட்டத்தின் சொல்லையே பிடித்துக்கொள்ளும் இதே வாசிப்பில்தான். 35 வயது, பிறவிக் குடியுரிமை, 14 ஆண்டு வசிப்பு என்று கேட்கும் அரசியலமைப்பு ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. (வாஷிங்டன்வாசிகளுக்கு, ஆண்களானாலும், ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு கிடைத்ததே 1961இல்தான்.)

எல்லா இடத்திலும் சொல் கைகொடுக்கவில்லை. வக்கீல்களைச் சேர்ப்பது பற்றிய வர்ஜீனியா சட்டத்தில் 'எந்த நபரும்' என்று இருந்தும், நபர் என்றால் ஆண் என்று அந்த மாநிலம் பொருள் கொள்ளலாம் என 1894இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செரோக்கி பழங்குடியினர் வழக்கில் 1906இல் அதே நீதிமன்றத்தில் வாதாடியபோது அவருக்கு வயது 75. அரசு அவர்களுக்குத் தரவேண்டிய அசல் 11,11,284 டாலர் 70 சென்ட். 1838 முதல் 5 சதவீத வட்டி. தனி வட்டிதான் என்றாலும் ஆண்டுக்கு 55,564 டாலர். 68 ஆண்டில் அசலையும் சேர்த்து ஏறக்குறைய 50 லட்சம் டாலர் ஆகியிருந்தது.