பாறசாலை வழியாக வளைகாப்புக்கு

2021 ஜூலை 8ஆம் தேதி, கேரளத்தில் முதன்முதலாக ஜிகா வைரஸ் தொற்று என்று செய்தி வந்தது. பாதிக்கப்பட்டவர் பாறசாலையைச் சேர்ந்த 24 வயதுக் கர்ப்பிணி. நான் அப்போது திருவனந்தபுரத்தில் ஆறாம் மாத முடிவில் இருந்தேன். கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டில் வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்படியே பிரசவம் வரை அங்கேயே தங்குவதாகப் பேச்சு.

அன்று ராத்திரியே அம்மாவிடமிருந்து போன். "ஏட்டி, பாறசாலை வழியா வராத. சுத்துனாலும் பரவால்ல, செங்கோட்டை வழியா வா." நாகர்கோவில், வள்ளியூர் வழியாக வந்தால் களியக்காவிளைக்கு முன்னால் பாறசாலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். செங்கோட்டை வழி என்றால் குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று மலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அத்தைக்கோ எந்த வழியிலும் அனுப்ப மனசில்லை. ரெண்டு பக்கமும் என் மேல் உள்ள பாசத்தில்தான் பேசினார்கள். ஆனால் பதில் தெரிந்தவர் யாரும் அந்தப் பேச்சில் இல்லை. அதனால் டாக்டரிடம் போனோம்.

என் டாக்டர் பொறுமையானவர், எல்லாவற்றையும் விளக்கினார். கண்ணாடி ஏற்றிய காரில் ஒரு ஊரைக் கடந்து போவதில் பெரிய ஆபத்து இல்லை. கிளம்புகிற வீட்டிலும் போய்ச் சேருகிற வீட்டிலும் பகல் நேரத்தில் கடிபடுவதுதான் ஆபத்து என்றார். ஜிகாவையும் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசு. அது பகலில் கடிக்கும். விடிந்த கொஞ்ச நேரமும் சாயங்காலமும் அதிகமாகக் கடிக்கும். ராத்திரி வலைக்குள் படுத்துவிட்டு, பகலில் கையையும் காலையும் திறந்து போட்டுக்கொண்டு தார்சாவில், அதாவது வீட்டு முன்தாழ்வாரத்தில், உட்கார்ந்திருந்தால் பயனில்லை. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து நீர்ச்சத்து குறைவதைவிட நேர்வழியே எனக்கு நல்லது என்றும் சொன்னார். இருபதாம் வாரத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் தலை, மூளை எல்லாம் சரியாக இருந்ததைத் திரும்பக் காட்டினார். ஜிகா முதல் மூன்று மாதத்தில் தொற்றினால்தான் குழந்தையின் மூளைக்கு அதிக ஆபத்து, ஆனால் எந்த மாதத்திலும் கவனம் வேண்டும் என்றார்.

பிறகு அவர் சொன்னதை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஜிகா உடலுறவு மூலமும் தொற்றும். தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது; ஐந்தில் ஒருவருக்குத்தான் லேசான காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு, மூட்டுவலி என்று ஏதாவது வரும். என் கணவர் வேலைக்காகத் திருவனந்தபுரத்திலேயே இருந்துகொண்டு, லீவு கிடைக்கும்போது ஊருக்கு வந்துபோவதாக ஏற்பாடு. அவருக்குத் தெரியாமலே அவர் உடம்பில் கிருமி இருக்கலாம். ஆகவே குழந்தை பிறக்கும் வரை ஆணுறை என்கிற காப்புறை கட்டாயம், இல்லையென்றால் விலகி இருங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்தே டாக்டர் சொன்னார். நான் மட்டும் கொசுவுக்குத் தப்பினால் போதாது என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், தொடையை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க வழியில் இறங்கி இறங்கி நடந்தேன். களியக்காவிளையில் கொரோனா சோதனையோடு காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். காவல்கிணறு தாண்டியதும் காற்றாடிகளைப் பார்த்தபோது ஊருக்கு வந்துவிட்டோம் என்று மனசு லேசானது.

ஊருக்கு வந்த அந்த வாரம் முடிவதற்குள் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கண்ணுக்குப் பின்னால் குடைச்சல், இடுப்பெல்லாம் வலி. அம்மா ஃபிளாஸ்க்கில் நிலவேம்புக் குடிநீரோடு வந்தாள். சுகாதார செவிலியர் அக்காவுக்குப் போன் போட்டோம். கர்ப்பிணிக்கு நிலவேம்பு வேண்டாம், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் போடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில் நான் முதலில் சொன்னதே "திருவனந்தபுரத்துல இருந்து வந்திருக்கேன்" என்பதுதான். அந்த ஒரு வரியால் டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனையோடு நிற்காமல், ஜிகா பி.சி.ஆர். பரிசோதனைக்காக ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். ஜிகா கிருமி ரத்தத்தில் ஒரு வாரம் போலத்தான் தெரியும், சிறுநீரில் இன்னும் சில நாள் கூடுதலாகத் தெரியும் என்பதால் இரண்டும் வேண்டுமாம். டெங்கு என்று உடனே தெரிந்துவிட்டது. ஜிகா முடிவு வரக் காத்திருந்த நாட்களில் நானும் அம்மாவும் பேசிக்கொண்டது குறைவு.

மாத்திரைகளைக் காட்டச் சொன்ன டாக்டர் முதலில் எடுத்து ஓரமாக வைத்தது எக்கோஸ்பிரின் 75. ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க எனக்குக் கொடுத்திருந்த குறைந்த அளவு ஆஸ்பிரின் அது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைகிற நோயில் அது ரத்தக்கசிவைக் கூட்டிவிடும் என்று நிறுத்தினார். கர்ப்பத்தில் இந்த மாத்திரை எடுக்கும் பெண்கள் நிறையப் பேர். காய்ச்சல் என்று போகும்போது அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பகலிலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். என்னைக் கடிக்கும் கொசு கிருமியைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதல்லவா. காய்ச்சல் விட்டதும் அம்மா கும்பிட்டாள். ஆனால் சிஸ்டர் அன்றுதான் கூடுதலாக வந்து வந்து பார்த்தார். டெங்குவில் சூடு இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான கட்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். வயிற்றில் விடாத வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், ஒரு மாதிரித் தவிப்பு, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் உடனே கூப்பிடச் சொன்னார்கள்.

எல்லாரும் தட்டணு எத்தனை என்றே கேட்டார்கள். அது அறுபதாயிரத்துக்கு இறங்கியபோது அண்ணன் ரத்தம் கொடுக்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டான். டாக்டரோ தட்டணுவைவிட, ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் பி.சி.வி.யைத்தான் உற்றுப் பார்த்தார். என் தாய் சேய் அட்டையில் பழைய கணக்கு 33, இப்போது 38. சாதாரண ஆளுக்கு 38 ஒன்றும் அதிகமில்லை. ஆனால் கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்திருக்கும் என்பதால் 33லிருந்து 38 என்பது நீர் கசிகிறது என்று அர்த்தம். குளுக்கோஸ் பாட்டிலை அளந்து அளந்து ஏற்றினார்கள், கூடினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று. ரத்தக்கசிவு இல்லாததால் தட்டணு ஏற்றவே இல்லை; தானாகவே ஏறியது. ஜிகா இல்லை என்ற முடிவும் வந்தது.

எங்கே கடித்தது, அத்தை வீட்டிலா அம்மா வீட்டிலா என்று சொந்தத்தில் ஒரு பேச்சு ஓடியது. கடித்து நாலு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும். என் கணக்குக்கு இரண்டு வீடும் பொருந்தும். அதைச் சொன்னதும் பேச்சு அடங்கியது.

கொசுப்புழு ஒழிக்க வரும் அக்காமார் எங்கள் வளவில் வீடு வீடாக வந்தார்கள். மூடி போட்ட டிரம்மில் ஒன்றும் இல்லை. புறவாசலில் யாரும் புழங்காத ஆட்டுக்கல் குழியில் சாரல் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு அக்கா டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து அடிக்கு இறங்கின. ஃப்ரிட்ஜ் பின்னால் உள்ள தட்டிலும் இருந்தன. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தை நாரால் தேய்க்க வேண்டும் என்று தேய்த்தே காட்டினார். முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கமானது. 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆட்டிவைத்ததை நினைவில் வைத்திருக்கும் ஆச்சி, வளவில் மற்ற வீடுகளையும் விடவில்லை.

வளைகாப்பைத் தள்ளி வைத்துச் செய்தோம். பாளையங்கோட்டையில் மகள் பிறந்தாள், நல்ல எடையில்.

2024இல் புனேயில் ஜிகா பரவி, கர்ப்பிணிகள் பலருக்குத் தொற்றியபோது சித்தி மகள் அங்கே மூன்றாம் மாதத்தில் இருந்தாள். ஊருக்கு வந்துவிடவா என்று என்னைத்தான் கேட்டாள். முதலில் டாக்டரிடம் போய் டெஸ்ட் எடு, கிளம்பும் வரை முழுக்கை போடு, உடம்பில் திறந்திருக்கும் இடத்தில் டீட் உள்ள கொசு விரட்டிப் பூச்சு தடவு, அது கர்ப்பத்தில் போடலாம், ஊருக்கு வந்ததும் புனேயிலிருந்து வருகிறேன் என்று செவிலியரிடம் சொல் என்றேன். டெஸ்டில் இல்லை என்று வந்ததும் கிளம்பி வந்தாள். மாப்பிள்ளை புனேயிலிருந்து வந்துபோகும்போது காப்புறை பற்றி யார் சொல்வது என்று சித்தி தயங்கினாள். சித்தி மகளிடம் நானே சொல்லிவிட்டேன், எங்கள் டாக்டர் சொன்ன அதே வார்த்தைகளில்.