அம்மம்மா கேட்ட எஞ்சின்

திருகோணமலைப் பாலையூற்றில் மாமா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். காலையில் சீனன்குடா விமானத் தளப் பக்கமிருந்து ஒரு பயிற்சி விமானம் எழும்பி வந்தது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். மாமாவுக்குச் சிரிப்பு. "முந்தி சத்தம் கேட்டால் உள்ளுக்கு ஓடுவாய். இப்ப வெளியில ஓடுறாய். கனடா உன்னைக் கெடுத்துப்போட்டுது தம்பி."

கெடுத்தது கனடாதான், ஆனால் கனகாலம் எடுத்தது. 2006 சித்திரையில் சம்பூரில் விமானப்படையின் கிபிர் ஜெட்டுகள் குண்டு போட்டபோது, கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. அடுத்த வருடம் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தேன். நிலக்கீழ் அறை, இரண்டு வேலை, பனிச் சப்பாத்து எல்லாம் எல்லாரும் எழுதியதுதான், விடுவோம். ஏரிக்கரைக்குக் கிட்ட ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். செப்டெம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஒரு ஜெட் கூரையை உரசுவதுபோலப் போனது. எப்படி மேசைக்குக் கீழே போனேன் என்று தெரியாது. பார்த்தால், கூட வேலை செய்த சோமாலியாக்காரரும் அங்கேதான் குந்தியிருக்கிறார். ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு எழும்பி மிச்சக் கோப்பைகளைக் கழுவினோம். அந்த வார இறுதியில் வருடா வருடம் ஏரிக்கு மேலே வான் கண்காட்சி நடக்கும் என்பதை அன்றுதான் யாரோ சொன்னார்கள்.

அப்புறம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வயதானவர், சனிக்கிழமைகளில் ஹமில்டனில் உள்ள கனடியப் போர்விமான மரபு அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர். "வா, வந்து பார்" என்று இரண்டு வருடம் கேட்டார். காசு கொடுத்துப் பொம்மர், அதுதான் குண்டுவீச்சு விமானம், பார்க்க நான் ஏன் வரவேண்டும்? கடைசியில் 2016 கோடையில், ஆறு வயது மகனின் கரைச்சல் தாங்காமல் போனேன்.

முதலில் பார்த்தது ஒரு கான்சோ, தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் விமானம். அதன் எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் ஏந்தத் தட்டு வைத்திருந்தார்கள். நாலைந்து கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து விசிறியின் அலகைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள், செக்கு ஆட்டுவதுபோல. 14 சிலிண்டர்களும் வட்டமாக நிற்கிற எஞ்சின். சும்மா நிற்கும்போது எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். சுற்றிப் பார்க்காமல் இயக்கினால் உள்ளே தண்டு வளைந்துபோகும். எண்ணெய் ஒழுகினால்தான் நிம்மதியாம். ஒழுகாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தமாம்.

பிறகு லங்காஸ்டர், இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம். உலகத்தில் பறக்கிற நிலையில் மிஞ்சியிருப்பது இரண்டே இரண்டு, மற்றது இங்கிலாந்தில். இது 1945இல் மோல்ட்டனில் செய்தது. நான் வந்து இறங்கிய பியர்சன் விமான நிலையம் இருக்கும் அதே இடம். பல வருடம் திருத்தி 1988இல் மறுபடி பறக்கவிட்டார்கள். நாலு மேர்லின் எஞ்சின்களும் ஒவ்வொன்றாக இருமி, நீலப் புகை கக்கிப் பிடித்தபோது, மடக்குக் கதிரைகளில் இருந்த சனம் பேச்சை நிறுத்தியது. பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார், கச்சேரி கேட்கிறவர்போல. அது ஜெட்டின் கிழிக்கிற சத்தம் இல்லை. அடிவயிற்றில் வந்து உட்காருகிற முழக்கம். நான் ஓடவில்லை.

திருகோணமலை என்று ஊர் சொன்னேன். என்னை வரச்சொன்ன தொழிற்சாலைக் கிழவர் உடனே, "1942 ஏப்ரல் 9" என்றார்! அன்று திருகோணமலையில் குண்டு போட வந்த யப்பான்காரரை எதிர்க்கச் சீனன்குடாவில் இருந்து எழும்பிய ஹரிக்கேன் சண்டை விமானங்களிலும் இதே மேர்லின்தானாம். அதற்கு ஐந்து நாள் முன்னர், இலங்கைக்குத் தெற்கே யப்பான் கடற்படையைக் கண்டு வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்தப்பட்ட கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், ஹமில்டனுக்குக் கிட்ட உள்ள சென்ற் கத்தரின்ஸ்காரர். அவர் ஓட்டியது கற்றலீனா. கான்சோ என்பது அதற்குக் கனடாவில் வைத்த பெயர். சீனன்குடா என்றால் எனக்குச் சோதனைச்சாவடியும் மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும்தான். என் ஊர்ச் சரித்திரத்தை ஹமில்டனில் ஒரு கொட்டகைக்குள் நின்று கேட்டேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

லங்காஸ்டரும் பொம்மர்தான். ஜெர்மன் நகரங்களில் அதற்குக் கீழே எத்தனை யன்னல்கள் அதிர்ந்திருக்கும்! அதைக் கிழவரிடம் சொன்னேன். தலையாட்டினார், மறுக்கவில்லை. அதற்குப் பிறகும் நான் ஒவ்வொரு கோடையும் போகிறேன். ஜெட் வருகிற நேரம் பார்த்து மகனை ஐஸ்கிரீம் வாங்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

முதல் தடவை போன அன்றிரவே, பதிவுசெய்து வைத்த லங்காஸ்டர் சத்தத்தை மாமாவுக்கு அனுப்பினேன். அம்மம்மா அப்போது உயிரோடு இருந்தார், யப்பான்காரரின் குண்டு விழுந்த 1942இல் அவருக்குப் பதினொரு வயது. மாமா போனைக் காதில் வைத்துக் கேட்கவிட்டாராம், இந்த விறாந்தையில்தான். இரண்டு தரம் கேட்டுவிட்டு அம்மம்மா சொன்னது இவ்வளவுதான்:

"எஞ்சின் சத்தம் ஆருக்குத் தெரியும் பிள்ளை? அண்டைக்கு அடுப்பில புட்டு அவிஞ்சுகொண்டிருந்தது. இறக்காமலே தம்பலகாமத்துக்கு ஓடின நாங்கள்."