மூன்று மா நிலமும் ஒரு கீறலும்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று மா நஞ்சை உண்டு, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். தாத்தா சம்பாதித்து வாங்கியது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பரணில் இருந்த தகரப்பெட்டியில் அதன் 1958 கிரயப் பத்திரம் கிடைத்தது. விற்றவர் தனக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில், 1931-ஆம் வருஷத்துக் கிரய சாசனம் ஒன்றின் நம்பர் இருந்தது. அவருக்கு யார் விற்றார்கள் என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

இணையத்தில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டால் எங்கள் ஊருக்கு 1975-க்கு முன்னால் எதுவும் வரவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போய் மனு கொடுத்துக் கட்டணம் கட்டினேன். நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும்; அதன் நகலை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், உறவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயில் 3-ஆம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோதான் நகல்; அவர் காலத்துக்குப் பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும். நம்பர் தெரிந்ததால் நான் தப்பித்தேன். தெரியாவிட்டால் பெயர் அட்டவணையை வருஷம் வருஷமாகத் தேட வேண்டும்.

நகல் வந்தது, படிக்க முடியவில்லை. புள்ளியே வைக்காத கூட்டெழுத்து. ஊரில் வயதான பத்திர எழுத்தர் ஒருவர் இருக்கிறார். "தம்பி, முதல்ல இதைப் பழகிக்குங்க" என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்: ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. அதை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். பிரஜோற்பத்தி ௵ ஆவணி ௴. எழுதிக் கொடுப்பவர், ஆறு வயது மைனர். அந்த மைனரின் பெயர் என் தாத்தாவின் பெயர்.

விற்றதே நாங்கள்தான். இருபத்தேழு வருஷம் கழித்து தாத்தா அதே நிலத்தை மீட்டிருக்கிறார். ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.

ஏன் விற்றார்கள் என்பதும் அதிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் மைனர் சொத்தை கார்டியன் விற்க வேண்டுமானால் அவசியமோ சொத்துக்கு நன்மையோ இருக்க வேண்டும்; 1856-இல் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில், லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது அது. பையன் மேஜரானதும் வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று, வாங்குகிறவர்கள் காரணத்தை விலாவாரியாக எழுத வைப்பார்கள். குடும்பக் கதை தேடுகிறவர்களுக்கு மைனர் பத்திரத்தைப் போல வேறு எதுவும் கிடைக்காது என்பேன். எங்களுடையதில், தகப்பனார் வாங்கி வைத்துவிட்டுப் போன கைமாத்துக்காகவும், சர்க்கார் கிஸ்தி பாக்கிக்காகவும், மைனரின் ஜீவனத்துக்காகவும் என்று இருந்தது. நெல் விலை சரிந்து கிடந்த காலம் அது.

அதற்குக் கீழே, 'மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான' என்று தொடங்கி, அவள் பெயர். தாத்தாவின் அம்மாவை எல்லோரும் அப்பாயி என்றே சொல்லிப் பழகி, பெயர் என்னவென்று கேட்டால் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தப் பெயரை நான் பார்த்திருக்கிறேன், அத்தையின் பள்ளிச் சான்றிதழில். வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, பாப்பாதான். மாமியார் பெயரைப் பாட்டி வாயால் எப்படிச் சொல்வாள்?

அன்று ராத்திரியே அத்தைக்குப் போன் செய்து அந்த வரியை வாசித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கையெழுத்துப் போட்டிருக்காங்களாடா?" என்றாள். 'தற்குறி கீறல்' என்றுதான் இருந்தது, எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் கோடு. பதிவுப் புத்தகம் பார்த்து எழுதிய பிரதி, கீறல் அதில் வராது. மூலப் பத்திரத்தில் இருக்கும். அது 1958-இல் நிலத்தோடு தாத்தா கைக்கு வந்திருக்க வேண்டும். தகரப்பெட்டியில் இல்லை. அத்தை தன் வீட்டுப் பீரோவைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.